தாழ்த்திய காருக்கு அகல ரிம் போட்டால் எந்த டயர்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரின் ஸ்பிரிங்கை மாற்றித் தாழ்த்துகிறவர்களும் அகலமான அலாய் ரிம் வாங்குகிறவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே சேர்த்துவைத்திருக்கிறேன். கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரை எடுத்துக்கொண்டேன். அதன் கம்பெனி டயர் 205/55 ஆர்16 91வி, ரிம் 6.5 இன்ச் அகலம், ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும் என்பதைச் சொல்லும் எண்) 45. உங்கள் காரின் எண்களை அந்த இடத்தில் போட்டு நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

டயரின் பக்கவாட்டில் 205/55 ஆர்16 91வி என்று எழுதியிருக்கிறது. இதில் எந்த எண் எதைக் குறிக்கிறது?

205 என்பது டயரின் பெயரளவு அகலம், மில்லிமீட்டரில். 55 என்பது பக்கச்சுவரின் உயரம். ஆனால் அது மில்லிமீட்டர் அல்ல, அகலத்தில் 55 சதவீதம். ஆகவே பக்கச்சுவர் ஏறத்தாழ 113 மி.மீ. 'ஆர்' என்றால் ரேடியல். 16 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். 91 சுமை எண்: ஒரு டயர் தாங்கக்கூடிய எடை 615 கிலோ. 'வி' வேக எழுத்து: மணிக்கு 240 கி.மீ. வரை.

ரிம்மிலும் இப்படி ஒரு குறிப்பு இருக்கும். 8.5ஜே x 18 ஈடி35 என்றால் அகலம் 8.5 இன்ச், விட்டம் 18 இன்ச், ஆஃப்செட் 35 மி.மீ. 'ஜே' என்பது ரிம் விளிம்பின் வடிவத்துக்கான குறி.

ரிம்மை ஏற்கெனவே வாங்கிவிட்டேன். இதற்கு எந்த டயர் பொருந்தும்?

நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் மட்கார்டுக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். அந்த இடத்துக்குள் அடங்கும் டயரை முடிவுசெய்ய வேண்டும். அந்த டயருக்கு ஏற்ற ரிம்மைக் கடைசியில் வாங்க வேண்டும். காரின் எடையைச் சுமப்பது டயருக்குள் இருக்கும் காற்று. அந்த டயரைப் பிடித்துக்கொள்வதுதான் ரிம்மின் வேலை.

வாங்கிவிட்டீர்கள் என்றால், ரிம்மின் அகலத்திலிருந்து தொடங்குவோம். ஒவ்வொரு டயர் அளவுக்கும் அனுமதிக்கப்பட்ட ரிம் அகலம் உண்டு. டயர் நிறுவனத்தின் அளவு அட்டவணையில் அது இருக்கும். 205/55 ஆர்16 டயருக்கு 5.5 முதல் 7.5 இன்ச் வரை. 225/45 ஆர்17க்கு 7 முதல் 8.5 வரை. 225/40 ஆர்18க்கு 7.5 முதல் 9 வரை. 245/40 ஆர்18க்கு 8 முதல் 9.5 வரை. இந்த எல்லையின் நடுப்பகுதியில் இருப்பதே நல்லது. ஓரத்தில் இருந்தால் மாட்டலாம், ஓட்டலாம். ஆனால் பக்கச்சுவர் நிமிர்ந்து நிற்காமல் உள்நோக்கியோ வெளிநோக்கியோ சாய்ந்துவிடும்.

மொத்த விட்டம் மாறக்கூடாது என்கிறார்கள். எவ்வளவு வரை மாறலாம்?

முதலில் கணக்கு. ரிம் விட்டத்தை 25.4ஆல் பெருக்குங்கள், அதோடு பக்கச்சுவர் உயரத்தை இரண்டு முறை கூட்டுங்கள். 205/55 ஆர்16க்கு 632 மி.மீ. வரும். 225/45 ஆர்17 போட்டால் 634. 225/40 ஆர்18 போட்டால் 637. இவை மூன்றும் ஒரு சதவீதத்துக்குள் அடங்குகின்றன. இரண்டு சதவீதத்தைத் தாண்டினால் நான் வேறு அளவு தேடச் சொல்வேன்.

விட்டம் கூடினால் சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகும். ஆகவே வேகமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். கார்களுக்கான ஐ.நா. ஒழுங்குமுறை 39-இன்படி வேகமானி உண்மையான வேகத்தைவிடக் குறைவாகக் காட்டவே கூடாது. கூடுதலாகக் காட்டலாம், அதற்கும் எல்லை உண்டு, உண்மை வேகத்தில் 10 சதவீதமும் அதோடு 4 கி.மீ.யும். அதனால் நிறுவனங்கள் சற்றுக் கூடுதலாகக் காட்டும்படியே அமைக்கின்றன. அந்த மிச்சத்தைப் பெரிய டயர் தின்றுவிடக் கூடாது.

தாழ்த்திய காரில் இன்னொன்றும் இருக்கிறது. விட்டம் 20 மி.மீ. குறைந்தால் கார் முழுவதும் 10 மி.மீ. இறங்கும். ஸ்பிரிங் ஏற்கெனவே இறக்கியதோடு இதுவும் சேரும். மட்கார்டில் இடம் கிடைக்கிறதே என்று சிறிய டயர் போடுகிறவர்கள் காரின் அடிப்பாகத்தைக் கணக்கில் எடுப்பதில்லை.

18 இன்ச்சில் 225/40 அல்லது 235/40, எது போடலாம்? வித்தியாசம் 10 மில்லிமீட்டர்தானே?

அகலத்தில் மட்டும்தான் 10. பக்கச்சுவர் சதவீதக் கணக்கு என்பதால் அகலம் கூடும்போது உயரமும் கூடுகிறது. 235/40 ஆர்18இன் விட்டம் 645 மி.மீ.; கம்பெனி அளவைவிட இரண்டு சதவீதத்துக்கு மேல். மேல்பக்கம் 4 மி.மீ. உயரமும் ஒவ்வொரு பக்கமும் 5 மி.மீ. அகலமும் சேர்கின்றன. தாழ்த்தாத காரில் இது தெரியாமல் போகலாம். தாழ்த்திய காரில் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளியில் 4 மி.மீ. என்பது பெரிது.

மேலும், எழுதியிருக்கும் அகலமும் அளந்தால் கிடைக்கும் அகலமும் ஒன்றல்ல. 205/55 ஆர்16 டயரை 6.5 இன்ச் ரிம்மில் மாட்டினால் அட்டவணைப்படி 214 மி.மீ. இருக்கும். 225/40 ஆர்18 டயரை 8 இன்ச் ரிம்மில் மாட்டினால் 230. ரிம் அரை இன்ச் அகலமானால் டயர் ஏறத்தாழ 5 மி.மீ. விரியும். இதற்குமேல் ரேடியல் டயர்களுக்கு ஐ.நா. ஒழுங்குமுறை 30 நான்கு சதவீதம் வரை கூடுதல் அகலத்தை அனுமதிக்கிறது. ரிம்மைக் காக்கப் பக்கச்சுவரில் துருத்தி நிற்கும் ரப்பர் விளிம்பு உள்ள டயரில் இன்னும் 8 மி.மீ. ஆகவே ஒரே அளவு எழுதிய இரண்டு நிறுவனங்களின் டயர்களில் ஒன்று உரசும், மற்றது உரசாது. நண்பரின் காரில் பொருந்தியது என்ற சான்றை மட்டும் நம்பி வாங்காதீர்கள். அவர் போட்டிருக்கும் டயரின் பெயரையும் கேளுங்கள்.

ஆஃப்செட் எண் குறைந்தால் சக்கரம் உள்ளே போகுமா, வெளியே வருமா?

வெளியே வரும். ரிம்மின் அகலத்துக்கு நடுவே ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். ரிம் ஹப்பில் (காரில் சக்கரம் மாட்டப்படும் நடுப்பாகம்) உட்காரும் தட்டையான பகுதி அந்த நடுக்கோட்டிலிருந்து வெளிப்பக்கமாக எத்தனை மி.மீ. தள்ளி இருக்கிறதோ அதுவே ஆஃப்செட். 45இலிருந்து 35 ஆனால் சக்கரம் முழுவதும் 10 மி.மீ. வெளியே வரும்.

அகலமும் சேர்ந்து மாறும்போதுதான் குழப்பம் வருகிறது. 6.5 இன்ச் ஈடி45இலிருந்து 8.5 இன்ச் ஈடி35க்குப் போனால் ரிம் 2 இன்ச், அதாவது 51 மி.மீ. அகலமாகிறது, பக்கத்துக்கு 25.4. ஆஃப்செட் அதை 10 மி.மீ. வெளியே தள்ளுகிறது. ஆகவே ரிம்மின் வெளி விளிம்பு 35 மி.மீ. வெளியே வரும், உள் விளிம்பு 15 மி.மீ. உள்ளே போகும். உள்ளே ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த தூண்), பிரேக் குழாய், ஸ்டீயரிங் கம்பி எல்லாம் இருக்கின்றன.

இதே மாற்றத்தை டயரை வைத்துக் கணக்கிட்டால் எண்கள் வேறு. 8.5 இன்ச் ரிம்மில் 225/40 ஆர்18 ஏறத்தாழ 235 மி.மீ. அகலம் இருக்கும். பழைய டயர் 214. டயரின் வெளிப்பக்கம் சுமார் 20 மி.மீ. வெளியே வருகிறது, உள்பக்கம் ஏறக்குறைய பழைய இடத்திலேயே நிற்கிறது. மட்கார்டில் படுவது டயரின் தோள், அதாவது தரையில் படும் பகுதியும் பக்கச்சுவரும் சேரும் ஓரம். ஆகவே அங்கே டயர் கணக்கைப் பாருங்கள். ஸ்ட்ரட்டின் அருகே ரிம்மின் விளிம்பு முதலில் தொடலாம். அங்கே ரிம் கணக்கைப் பாருங்கள். இணையக் கணிப்பான்கள் பெரும்பாலும் ரிம் கணக்கை மட்டுமே காட்டுவதால் வெளிப்பக்கம் பயமும் உள்பக்கம் அலட்சியமும் வந்துவிடுகின்றன.

நிறுத்திவைத்திருக்கும்போது எங்கும் இடிக்கவில்லை. ஓட்டினால் மட்டும் உரசுகிறது. ஏன்?

நிற்கும் காரில் நீங்கள் பார்ப்பது ஒரு நிலையை மட்டும். மேட்டில் ஏறும்போது, வளைவில் சாயும்போது, பின்சீட்டில் மூவர் உட்காரும்போது சஸ்பென்ஷன் அமுங்குகிறது. தாழ்த்திய காரில் அது ஏற்கெனவே பாதி அமுங்கிய நிலையில்தான் இருக்கிறது. மட்கார்டின் விளிம்பு டயரின் தோளுக்கு அருகிலேயே காத்திருக்கிறது. முன்சக்கரத்தில் ஸ்டீயரிங் திரும்புவதும் சேர்கிறது.

சரியான அளவு எடுக்கும் முறை கொஞ்சம் வேலை வைக்கும், ஆனால் இதற்கு மாற்று இல்லை. காரை உறுதியான ஸ்டாண்டுகளில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் கை வைக்காதீர்கள். ஷாக் அப்சார்பரிலிருந்து ஸ்பிரிங்கைக் கழற்றி, தடுப்பு ரப்பரோடு ஷாக்கை மட்டும் திரும்ப மாட்டுங்கள். அழுத்தப்பட்ட ஸ்பிரிங் உயிருக்கே ஆபத்து என்பதால் கழற்றும் வேலையை அதற்கான கருவி உள்ள மெக்கானிக்கிடம் விடுங்கள். இப்போது சக்கரத்தை மாட்டி, ஹப்பின் அடியில் ஜாக்கி வைத்துத் தடுப்பு ரப்பர் முட்டும்வரை மெதுவாக உயர்த்துங்கள். நேராக வைத்து, பிறகு இரு பக்கமும் முழுவதும் திருப்பி, எங்கே எத்தனை மி.மீ. மிச்சம் என்று குறித்துக்கொள்ளுங்கள். தடுப்பு ரப்பரும் வேகத்தில் அமுங்கும் என்பதால் எந்த இடத்திலும் 5 மி.மீ.க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

இந்த வசதி இல்லாதவர்கள் மட்கார்டின் உள்விளிம்பிலும் ஸ்ட்ரட்டின் மேலும் மென்மையான களிமண் உருண்டைகளை ஒட்டி, ஆட்களை ஏற்றி, மெதுவாக மேடுபள்ளத்தில் ஓட்டிப் பார்க்கலாம். நசுங்கிய உருண்டையின் தடிமன் மிச்சமிருக்கும் இடத்தைச் சொல்லும். ஏற்கெனவே உரசுகிறது என்றால் டயரைப் பாருங்கள். வெளித்தோள் பளபளத்தால் மட்கார்டு விளிம்பு. உள் பக்கச்சுவரில் வட்டமாகக் கோடு விழுந்தால் ஸ்ட்ரட். இது மிகவும் அபாயம், அந்த டயரில் தொடர்ந்து ஓடாதீர்கள். திருப்பும்போது மட்டும் சத்தம் வந்தால் பெரும்பாலும் மட்கார்டின் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் உறை.

கேம்பரைச் சாய்த்துவிட்டால் டயரின் மேல்பக்கம் உள்ளே போய்விடும் அல்லவா?

போகும். கேம்பர் என்பது முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் செங்குத்திலிருந்து சாய்ந்திருக்கும் கோணம். இந்த அளவுள்ள டயரில் ஒரு டிகிரிக்கு மேல்பக்கம் 5 மி.மீ.க்குச் சற்று அதிகமாக உள்ளே சாயும். அதற்கு விலையும் உண்டு: நேர்ச்சாலையில் எடை டயரின் உட்தோளில் விழும்; அது முதலில் தேயும்; பிரேக் பிடிக்கும்போது தரையில் பதியும் பரப்பும் ஒரே சீராக இராது. பெரும்பாலான கார்களில் தாழ்த்துவதே கொஞ்சம் கேம்பரைக் கூட்டிவிடுகிறது. அதற்குமேல் இடம் பிடிப்பதற்காக இரண்டு மூன்று டிகிரி சேர்ப்பது தவறான டயர் அளவை மறைக்கும் வேலை.

ஆனால் டயரைத் தின்பதில் கேம்பரைவிட டோ மோசமானது. டோ என்பது மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களும் ஒன்றையொன்று நோக்கியோ விலகியோ திரும்பியிருக்கும் கோணம். காரைத் தாழ்த்தும்போது அது தானாக மாறும். நான் முதன்முதலில் தாழ்த்திய காரில் அலைன்மென்ட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டேன். வெளியிலிருந்து பார்த்தால் டயர் புதிதாக இருந்தது. கழற்றிப் பார்த்தபோது உள்தோளில் ரப்பர் தீர்ந்து இழைகள் தெரிந்தன. அன்றிலிருந்து தாழ்த்திய காரின் டயர்களை உள்பக்கம் கைவிட்டுத் தடவிப் பார்க்காமல் நெடும்பயணம் கிளம்புவதில்லை.

அகல ரிம்மில் குறுகிய டயரை இழுத்து மாட்டுகிறார்களே. பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது?

பார்வைக்கு எப்படி இருந்தாலும் நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். 205 டயரை 9 இன்ச் ரிம்மில் இழுத்து மாட்டினால் பக்கச்சுவர் சரிவாகப் படுத்துவிடுகிறது. டயரின் ஓரத்திலுள்ள கம்பிவளையம் ரிம்மில் நேராக அழுந்தி உட்கார வேண்டும். இங்கே அது கோணலாக இழுபடுகிறது. காற்று கொஞ்சம் குறைந்த நிலையில் வளைவில் வேகமாகத் திரும்பினால் அது ரிம்மிலிருந்து நழுவலாம். அந்த நொடியில் காற்று முழுவதும் போய்விடும்.

சுமை எண்ணும் அனுமதிக்கப்பட்ட ரிம் அகலத்துக்குள் மட்டுமே செல்லும். அதைத் தாண்டிவிட்டால் டயரின்மேல் எழுதியிருக்கும் 91க்கு யாரும் பொறுப்பு இல்லை. பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காக்கும் ரப்பர் தசையும் வெளியே துருத்தி நிற்பதில்லை. அடி நேராக அலாய் மீது விழும்.

சுமை எண் 91இலிருந்து 87 ஆகக் குறைந்தால் என்ன? நான் எப்போதும் தனியாகத்தான் ஓட்டுகிறேன்.

87 என்றால் 545 கிலோ. ஒரு டயருக்கு 70 கிலோ குறைகிறது. தனியாக ஓட்டினாலும் பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரங்களுக்கு நகர்கிறது, வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு நகர்கிறது. நாளை காரை வாங்குகிறவர் குடும்பத்தோடு போவார். சுமை எண் கம்பெனி எண்ணுக்குக் குறையக் கூடாது. இதில் நான் எந்தச் சமரசமும் சொல்ல மாட்டேன். வேக எழுத்தும் அப்படியே. ரிம்முக்கும் சுமை அளவு உண்டு. பின்பக்கம் கிலோவில் பொறித்திருக்கும். அப்படி எதுவும் பொறிக்காத ரிம்மை வாங்காதீர்கள்.

எக்ஸ்எல் என்று எழுதிய டயர் வாங்கினேன். பழைய காற்றழுத்தமே போதுமா?

பெரும்பாலும் போதாது. எக்ஸ்எல் என்றால் கூடுதல் சுமை தாங்கும் வகை. 225/45 ஆர்17இல் சாதாரண வகை 91, எக்ஸ்எல் வகை 94 என்று இருக்கும். 94 என்றால் 670 கிலோ. ஆனால் அந்த எடையை 2.9 பார் அழுத்தத்தில்தான் தாங்கும். சாதாரண டயர் தன் 615 கிலோவை 2.5 பாரிலேயே தாங்குகிறது. எக்ஸ்எல் டயரில் 2.5 பார் மட்டும் வைத்தால் அது சுமார் 600 கிலோ அளவுக்கே வரும். பெரிய எண்ணைப் பார்த்து ஏமாந்துவிடுவது இங்கேதான். பழைய அளவைவிட 0.2 அல்லது 0.3 பார் கூட்டி வைப்பது என் வழக்கம். துல்லியமான எண் டயர் நிறுவனத்தின் சுமை, அழுத்த அட்டவணையில் கிடைக்கும். காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும்.

பின்னால் அகலம், முன்னால் குறுகல் என்று போடலாமா?

பின்சக்கர இயக்கக் காரில் போடலாம். விட்டம் முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தால் போதும். முன்சக்கர இயக்கக் காரில் இதனால் ஓட்டத்தில் பயன் இல்லை, டயர்களை முன்பின் மாற்றிப் போடும் வசதியும் போய்விடும். நான்கு சக்கர இயக்கக் காரில் சுற்றளவு சிறிது மாறினாலும் நடுவிலுள்ள கியர் பெட்டி இடைவிடாமல் உழைத்துச் சூடாகும். அங்கே நான்கும் ஒரே அளவு, ஒரே தேய்மானம்.

ஸ்பேசர் வைத்தால்?

ஸ்பேசர் என்பது ஹப்புக்கும் ரிம்முக்கும் நடுவே வைக்கும் தட்டு. ஆஃப்செட் பதிலில் சொன்ன அதே கணக்கு: 10 மி.மீ. ஸ்பேசர் ஆஃப்செட்டை 10 குறைக்கிறது. போல்ட் அதே அளவு நீளமாக வேண்டும், ஸ்பேசர் ஹப்பின் நடுவளையத்தில் இறுக்கமாக உட்கார வேண்டும். இரண்டும் இல்லையென்றால் வேண்டாம்.

அகல டயர் என்றால் பிடிமானம் கூடும்தானே?

காய்ந்த சாலையில், நல்ல ரப்பர் கலவை இருந்தால், கூடும். மழையில் அகல டயர் தண்ணீரின்மேல் மிதக்கத் தொடங்கும் வேகம் குறைகிறது. ஒரே எடை பெரிய பரப்பில் பரவுவதால் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளும் அழுத்தம் போதுவதில்லை. ரிம்மின் எடையும் கூடும். சாலையின் தடங்களைப் பிடித்துக்கொண்டு ஸ்டீயரிங் பக்கவாட்டில் இழுப்பதும் உண்டு. மலிவான 245ஐவிடத் தரமான 225 நன்றாக நிற்கும் என்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சரி, இந்த உதாரணக் காரை 30 மி.மீ. தாழ்த்தினால் நீங்கள் என்ன போடுவீர்கள்?

17 இன்ச், 7.5 இன்ச் அகலம், ஈடி42; அதில் 225/45 ஆர்17, 91க்குக் குறையாமல். விட்டம் 2 மி.மீ. மட்டுமே மாறுகிறது. டயரின் வெளிப்பக்கம் 8 அல்லது 9 மி.மீ. வெளியே வரும், உள்பக்கம் 3 மி.மீ.க்குள். பக்கச்சுவர் 101 மி.மீ.; தாழ்ந்த காருக்கு இந்த ரப்பர் உயரம் தேவை. 18 இன்ச்தான் வேண்டும் என்றால் 8 இன்ச் அகலத்தில் 225/40. 8.5 இன்ச்சும் ஈடி35ம் உரசாமல் ஓட வேண்டுமானால் மட்கார்டு விளிம்பை மடக்க வேண்டியிருக்கும். பெயின்ட்டைச் சூடாக்காமல் மடக்கினால் விரிசல் விட்டுத் துருப்பிடிக்கும். டயர் மட்கார்டுக்கு வெளியே துருத்துவதைப் பல நாடுகளின் சட்டம் அனுமதிப்பதில்லை என்பதையும் வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

எல்லாம் மாட்டியாகிவிட்டது. இனி என்ன கவனிக்க வேண்டும்?

முதல் 50 முதல் 100 கி.மீ.க்குள் நட்டுகளை, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்பானரால் மறுபடி சரிபாருங்கள். புது ஸ்பிரிங் சில வாரங்களில் இன்னும் சில மி.மீ. அமரும், அதன் பிறகு அலைன்மென்ட் செய்து, இடைவெளிகளைத் திரும்ப அளங்கள். சக்கர வேகத்தைக் கொண்டு காற்றழுத்தத்தை ஊகிக்கும் எச்சரிக்கை விளக்கு உள்ள காரில் அதைப் புதிய டயருக்கு மறுபடி பழக்க வேண்டும். ஆயிரம் கி.மீ. கழித்து ஒரு சக்கரத்தையாவது கழற்றி உள் பக்கச்சுவரில் கோடு விழுந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள்.